பதினோராவது பெயர்

மார்ச் 4, செவ்வாய்

மாண்பு மன்றப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். பத்துப் பேர். அதற்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் 'காத்திருப்பு' என்று போட்டு என் பெயர். இதற்கு என் பெயரைப் போடாமலே விட்டிருக்கலாம்.

எங்கள் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன் ஆகிற ஒவ்வொரு பேட்சிலும் பத்துப் பேரை மன்றத்தில் சேர்ப்பார்கள். மார்க் பாதி, பேட்சின் ஓட்டு பாதி. ஓட்டுச் சீட்டில் ஒரே கேள்விதான்: "நாளை உங்கள் தாய் இந்த ஆஸ்பத்திரியில் படுத்தால் யார் கையில் ஒப்படைப்பீர்கள்?" நான் மதுவந்தி பெயரை எழுதினேன். பொய் இல்லை, அவள் கையில்தான் ஒப்படைப்பேன். பாதிப் பேர் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும், பட்டியலில் அவள்தான் முதல். என் பெயரை எழுதியவர்கள் யாராக இருக்கும் என்று மெஸ்ஸில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு இல்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "பதினொண்ணுன்னா கெடச்ச மாதிரிதானல?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். இந்நேரம் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

பத்துப் பேருக்கும் இன்று வெள்ளி பின் குத்தினார்கள். மன்றத்தை ஆரம்பித்த புரொபசர் தாணுமாலயன்தான் குத்திவிட்டார். வெளிநாட்டில் இப்படி மன்றங்களைப் பார்த்துவிட்டு வந்து, நம் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று தொடங்கியவர். நல்ல மனிதர். எலும்பு முறிவுப் பிரிவின் தலைவரும் அவரே.

"ஒருத்தன நம்பினாத்தான் அவன் நம்பிக்கைக்கு ஏத்தவனா ஆவான்" என்று பேசினார். அதற்காகத்தான் இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. பின் போட்ட ஹவுஸ் சர்ஜன் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டால், மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர் மறுபடி தொட்டுப் பார்ப்பதில்லை. கீழே கையெழுத்து மட்டும் போடுவார். எங்கேயும் எழுதி வைத்த விதி இல்லை. மறுபடி பார்த்தால் மன்றத்தையே சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம்.

எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு அது வேண்டும், எவ்வளவு வேண்டுமென்று கை தட்டும்போதுதான் தெரிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

கோட் துவைத்தேன். அயோடின் கறை போகவில்லை.

மார்ச் 12, புதன்

எலும்பு முறிவு வார்டில் போட்டிருக்கிறார்கள். கூட மதுவந்தி. எங்கள் பி.ஜி. ஜெரால்டு சார். காலையிலேயே என்னை மூன்று தடவை கிழித்துவிட்டார். கட்டு போடத் தெரியவில்லை, ரத்தம் எடுக்கத் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. என்னைக் கூப்பிடுவது "ஏய், இங்க வா." அவளைக் கூப்பிடுவது "டாக்டர் மதுவந்தி."

மத்தியானம் டீக்கடையில் அவள் சொன்னாள்: "உனக்கு இன்னைக்கு மாவுக்கட்டு ஸ்லாப் போட ரெண்டு தடவ சொல்லிக் குடுத்தார்ல? நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டேன். எனக்கும் சரியா வராது நயினார். ஆனா கேக்க முடியல. கேட்டா சிரிக்கிறார். 'உங்களுக்குத் தெரியாததா?'ங்கிறார்."

பெரிய இடத்துக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். வடைக்குக் காசு அவள்தான் கொடுத்தாள்.

மார்ச் 15, சனி

நாள் முழுக்க லேபுக்கும் வார்டுக்கும் ஓட்டம். செருப்பு வார் அறுந்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

மத்தியானம் நாற்கரச் சாலையில் ஒரு வேன் கவிழ்ந்து, அடிபட்டவர்களை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். ஜெரால்டு சாரால் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வரவே முடியவில்லை. மதுவந்தி ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு ஓடிக்கொண்டே இருந்தாள்.

அந்த நெரிசலில் தனியாக வந்தவர் இசக்கிராஜ். இருபத்தொன்பது வயது, டைல்ஸ் ஒட்டுகிற வேலை. பைக் மணலில் சறுக்கி முட்டி விலகியிருக்கிறது. ரோட்டில் யாரோ காலைப் பிடித்து இழுத்து நேராக்கிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் முட்டி விலகினால் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். பாதத்தில் நாடி பார்க்காமல் விடக் கூடாது. மூன்றாம் ஆண்டுப் பாடம் அது.

மதுவந்தி மூச்சு வாங்க ஓடிவந்து குனிந்து பாதத்தின் மேல் விரல்களை அழுத்தி வைத்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். விரலால் கட்டில் கம்பியில் தாளம் மாதிரி தட்டிக் காட்டினாள். "இருக்கு. நல்லா இருக்கு" என்றாள்.

தியேட்டர் வாசலில் முகமூடியோடு ஜெரால்டு சார் எட்டிப் பார்த்தார். "டாக்டர் மதுவந்தி பாத்தாச்சா? அப்ப ஸ்லாப் போட்டு வார்டுக்கு அனுப்பிருங்க."

இசக்கிராஜின் தலைமாட்டில் மானிட்டர் படபடவென்று கூவிக்கொண்டிருந்தது. வலியில் இதயம் அப்படி ஓடும். மதுவந்தி தட்டிக் காட்டிய தாளம் அவ்வளவு வேகமில்லை. அதைப் பார்த்தேன். மாவுக்கட்டு நான்தான் போட்டேன். முதல் தடவையாக அழகாக வந்தது.

ஆறு மணி வாக்கில் அவர் மனைவி மாரிச்செல்வி வந்து கூப்பிட்டாள். "சார், அவுகளுக்கு காலு மரத்துப் போச்சாம். தொட்டா சில்லுனு இருக்கு, வந்து பாருங்க." போனேன். பாதம் குளிர்ந்துதான் இருந்தது. விரலை வைத்தேன். ஒன்றும் தட்டவில்லை. இடத்தை மாற்றி வைத்தேன். "கெண்டைக்கால்ல தீயா எரியுது சார்" என்றார் அவர். அவ்வளவு வலியிலும் என்னைத் திட்டவில்லை.

ஜெரால்டு சாருக்குப் போன் போட்டேன். "மதுவந்தி பாத்துருக்காங்கள்ல? நீ போட்ட கட்டு இறுக்கமா இருக்கும். லூஸ் பண்ணு." கட்டைத் தளர்த்தினேன். மதுவந்தியைக் கூப்பிட்டேன். அவளும் வந்தாள், அலுத்துக்கொள்ளவில்லை. அதே மாதிரி அழுத்தி வைத்தாள். "இருக்கே நயினார். இங்க வை." அவள் விரல் இருந்த இடத்தில் என் விரலை வைத்தேன்.

துடிப்பு இருந்த மாதிரிதான் பட்டது. கேஸ் ஷீட்டில் எழுதினேன்: பாத நாடி தெரிகிறது, டாக்டர் மதுவந்தியும் பார்த்தார்.

மெஸ்ஸில் உப்புமா. சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

காலை ரவுண்ட்ஸில் புரொபசர் போர்வையை விலக்கினார். பாதம் திட்டுத் திட்டாக நீலம் பாரித்திருந்தது. தொட்டவர் கையை எடுக்கவில்லை, ரொம்ப நேரம் அப்படியே நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் "தியேட்டர்" என்றார்.

முட்டிக்குப் பின்னால் ரத்தக்குழாய் கிழிந்திருக்கிறது. தைத்திருக்கிறார்கள். காலம் கடந்துவிட்டது என்று தியேட்டர் சிஸ்டர் சொன்னார்.

மார்ச் 21, வெள்ளி

இசக்கிராஜுக்கு முட்டிக்கு மேலே கால் எடுத்தாகிவிட்டது. வலது கால்.

மார்ச் 22, சனி

அவர் விழித்திருக்கிறார். டைல்ஸ் வேலையை எப்படிச் செய்வார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. நாள் முழுக்கக் குத்துக்காலிட்டுத்தான் உட்கார வேண்டுமாம். இன்று காயத்துக்கு மருந்து மாற்றும்போது அவரே சொன்னார், பேச்சுக்குச் சொல்வதைப் போல. "ஒத்தக் கால வச்சிக்கிட்டு எப்படி சார் குத்துக்கால் போட?" பதில் எதிர்பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் பஞ்சை எடுத்தேன், டேப்பை வெட்டினேன்.

மாரிச்செல்வி எனக்கு மட்டும் ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் கலந்து வைத்திருந்தாள். "நீங்கதான் சார் ரெண்டு தடவ வந்து பாத்தீங்க." குடித்தேன். இனிப்பு அதிகம்.

மார்ச் 24, திங்கள்

விரலை ரொம்ப அழுத்தி வைத்தால் சில நேரம் நோயாளியின் நாடி தட்டாது, நம் விரல் நுனியில் ஓடுகிற நம் நாடிதான் தட்டும். அதிலும் ஓடி வந்திருந்தால், பதற்றத்தில் இருந்தால், நன்றாகவே தட்டும். அதனால்தான் இன்னொரு கையால் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டும் ஒரே இதயம், ஒன்றாகத்தான் அடிக்க வேண்டும். மணிக்கட்டில் வேகமாகவும் பாதத்தில் நிதானமாகவும் அடித்தால் பாதத்தில் அடிப்பது நம்முடையது.

பாடம் ஞாபகத்துக்கு வந்ததால் எழுதி வைக்கிறேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 27, வியாழன்

மாரிச்செல்வியின் அண்ணன், ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டென்ட் அறைக்கு முன்னால் நின்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். விசாரணை வைக்கிறார்கள். மன்ற உறுப்பினர் மேல் வருகிற புகாரை மன்றமேதான் விசாரிக்கும், அதுவும் வழக்கம். சனிக்கிழமை நான் போக வேண்டும். நான் உறுப்பினர் இல்லை, சாட்சி.

சாயங்காலம் மதுவந்தி லேப் வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். தலை வாரவில்லை. அவள் அப்படி வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

"நயினார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விசாரணைக்காக இல்ல. உனக்கு நெஜமாவே தட்டுச்சா?"

"தட்டுச்சு."

"சத்தியமா?"

"எழுதியிருக்கேன்ல மதுவந்தி."

"நீ எழுதினது எனக்குத் தெரியும். நான் கேக்கறது, உன் விரல்ல தட்டுச்சா? ஏன்னா என் விரல்ல தட்டுனது என்னோடதோன்னு எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு. இதுக்கு முன்னாடி எத்தன பேருக்கு அப்படிப் பாத்தேனோ. யாரும் ஒரு தடவகூட எனக்குப் பின்னாடி கை வச்சுப் பாக்கல. நீ ஒருத்தன்தான் வச்ச. அதான் உன்னக் கேக்கறேன்."

நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருக்கும். ஆனால் இல்லை என்றால், நான் எழுதியது பொய் என்று ஆகும். தொட்டு, தெரியாமல், தெரிந்ததாக எழுதிய ஹவுஸ் சர்ஜன். அவள் செய்தது தவறு. நான் செய்ததற்கு வேறு பெயர்.

"தட்டுச்சு" என்றேன். "நல்லாவே தட்டுச்சு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே போனாள். நிம்மதி வந்த மாதிரித் தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

அம்மா போன். எடுக்கவில்லை.

மார்ச் 29, சனி

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் புரொபசர் தாணுமாலயன், இன்னும் இரண்டு பேர். எல்லோர் கோட்டிலும் பின். பிஸ்கட் தட்டு இருந்தது.

புரொபசர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அப்பா மாதிரிக் கேட்டார். "தம்பி, சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்களா தனியா பரிசோதிச்சீங்க. நாடி இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. உணர்ந்ததத்தானே எழுதினீங்க?"

'தனியா' என்ற சொல்லை அவர்தான் போட்டார். நான் திருத்தவில்லை.

"ஆமா சார்."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மற்ற இருவரும் நாற்காலியில் சாய்ந்தார்கள். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் நான் எதையோ கொடுத்துவிட்டேன், எனக்குத் தெரிந்தது. புரொபசர் அவர்களிடம் சொன்னார்: "ரெண்டு பேர் வேற வேற நேரத்துல பாத்துருக்காங்க. ரெண்டு பேருக்கும் நாடி கிடைச்சிருக்கு. ரத்தக்குழாய் ராத்திரியிலதான் அடைச்சிருக்கணும். சில பேருக்கு அப்படி ஆகும்." பிறகு என்னைப் பார்த்து, "பிஸ்கட் எடுத்துக்கோங்க" என்றார்.

சில பேருக்கு அப்படி ஆகவும் செய்யும். புத்தகத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன்.

ஏப்ரல் 2, புதன்

யார் மேலும் தவறில்லை என்று முடிவு வந்துவிட்டது. ஜெரால்டு சார் இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஏப்ரல் 5, சனி

மதுவந்தி பின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

புரொபசர் அவளை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். "உன் மேல தப்பே இல்லன்னு சொல்லியாச்சே, பிறகு ஏன்மா?" என்றாராம். அவள் சொன்னது இவ்வளவுதானாம்: "நான் பாத்தத மறுபடி எல்லாரும் செக் பண்ணணும் சார்." அவருக்குப் புரியவில்லை. சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார் என்று போர்டில் போட்டிருக்கிறார்கள்.

பேட்சில் எல்லோரும் பேசுகிறார்கள். தலைக்கனம் என்கிறார்கள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்கிறார்கள். அப்படியானால் நிஜமாகவே தப்பு செய்திருக்கிறாள் என்றும் ஒருவன் சொன்னான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பத்தில் ஒரு இடம் காலி. இதை நான் எழுதத் தேவையில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் மதுவந்தி வார்டில் ஒரு பாட்டியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை பாதத்தில், ஒரு கை மணிக்கட்டில். முடித்ததும் ஜெரால்டு சாரிடம் போய், "சார், நீங்க ஒரு தடவ பாத்துருங்க" என்றாள். அவர் எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கிழித்தார். இதுகூடத் தெரியாதா, எதற்கு மெரிட்டில் வந்தாய், என்று. அவள் நின்று கேட்டுக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் அங்கேயே நின்றாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை. பொறாமைதான், எழுதிவிடலாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

எனக்கும் வெள்ளி பின் குத்தியாகிவிட்டது. விழா எதுவும் இல்லை, புரொபசரின் அறையிலேயே. "அன்னைக்கு நீங்க பதறாம பதில் சொன்னீங்க. மன்றத்துக்கு அந்த நிதானம் வேணும்" என்றார். மனதாரச் சொன்னார். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை, அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான். அதனால்தான் என்னால் அவரை வெறுக்கவும் முடியவில்லை.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் காரணம் கேட்பார்.

அம்மா அழுதாள். அப்பா படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டுப் பேசுகிறேன் என்றாள். "ஓங் கையில ஒப்படைக்கலாம்னு எல்லாரும் எழுதியிருக்காங்கன்னா சும்மாவால?" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை விஷு. மெஸ்ஸில் பாயசம். இரண்டாம் ஆண்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்து, நாடி பார்க்கச் சொல்லித் தர முடியுமா அண்ணே என்று கேட்டார்கள். மன்றத்துக்காரர்கள் ஜூனியர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். அடுத்த வாரம் என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

நேற்றிலிருந்து ஜெரால்டு சார் எனக்குப் பின்னால் வருவதில்லை. நான் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். இன்று ஒரு தோள்பட்டை விஷயத்தில் உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். சிரித்தார். "நயினார், விளையாடாதீங்க" என்றார்.

'நீங்க' ஆகிவிட்டேன்.

பெண்கள் வார்டு வரை போய் மதுவந்தியிடம் கேட்டுவிட்டு வரலாமா என்று பார்த்தேன். வாசல் வரை போனேன். அவள் தலை நிமிரவில்லை. கோட்டில் இதைக் குத்திக்கொண்டு எப்படிக் கேட்பது? திரும்பி வந்து எனக்குத் தோன்றியதை எழுதினேன்.

ஏப்ரல் 23, புதன்

இசக்கிராஜ் இன்று வீட்டுக்குப் போனார். டிஸ்சார்ஜ் எழுதியது நான். ஊன்றுகோலில் வராண்டாவின் கடைசி வரை நடந்து காட்டினார். பெருமையாகக்கூட இருந்தது அவர் முகம். மைத்துனன் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான். அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாரிச்செல்வி என்னிடம் தனியாக வந்தாள்.

"சார், உங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும். எங்கண்ணன்ட்ட கேட்டா சண்டைக்குப் போவான். அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சிருந்தா கால் இருந்திருக்குமா?"

"ஏன்மா இப்ப அதெல்லாம்..."

"இல்ல சார், நீங்க சொன்னா நம்புவேன். நீங்கதான் கூப்பிட்ட உடனே வந்தீங்க."

எனக்கு எழுதி மனப்பாடம் செய்த மாதிரி வந்தது. "அன்னைக்கு நாடி இருந்துச்சும்மா. ரெண்டு டாக்டர் தனித்தனியா பாத்தோம். ராத்திரியிலதான் அடைச்சிருக்கு. சில பேருக்கு அப்படி ஆகும். யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப உங்க மேல ஒண்ணும் இல்ல சார். ஆஸ்பத்திரி மேலயும் இல்ல" என்றாள். "அப்ப என்னாலதான். அவுக அன்னைக்கு லீவு போட்டுட்டுப் படுத்துருந்தாக. நான்தான் அரிசி இல்ல, போயி வேலையப் பாருங்கன்னு அனுப்பி வச்சேன். வண்டிச் சாவிய நான்தான் எடுத்துக் குடுத்தேன். யாராவது தப்பு பண்ணியிருக்கணுமேன்னு இத்தன நாளும் சாமியக் கும்பிட்டுக்கிட்டுக் கெடந்தேன் சார். இனி யாரச் சொல்ல?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்.

வார்டுக்குள்ளிருந்து ஜெரால்டு சார் குரல் கொடுத்தார்: "டாக்டர் நயினார், புது கேஸ். நீங்க பாத்துட்டீங்கன்னா நான் கையெழுத்துப் போட்டுருவேன்."

"போங்க சார், உங்களக் கூப்பிடுதாங்க" என்றாள் மாரிச்செல்வி. போய்விட்டேன்.